பக்கத்து இருக்கைக்காரர்

"இச்சான்றிதழை உடையவர், அனைத்து வகை இலகு ரக மோட்டார் வாகனங்களையும், அனைத்துச் சாலைகளிலும், அனைத்துப் பருவநிலைகளிலும், பிறர் துணையின்றித் தாமே இயக்கும் முழுத் திறனும், அத்திறனைப் பிறருக்குப் பயிற்றுவிக்கும் தகுதியும் உடையவர் எனச் சான்றளிக்கப்படுகிறது."

டிரைவிங் ஸ்கூலின் முன்னறையில், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள் இந்த வாசகம் தொங்குகிறது. மூலையில் ஒட்டியிருக்கும் புகைப்படத்தில் வாத்தியார் மீசை கறுத்து, முகம் விறைத்து, யாரையோ முந்திக்கொண்டு போகப் போகிறவர் போல இருக்கிறார். வாசகத்தின் பின்பாதி சத்தியம். தகராறெல்லாம் முன்பாதியில்தான்.

வாத்தியார் கார் ஓட்டுவதில்லை. ஓட்டி வருடக்கணக்காகிறது. அந்த வட்டாரத்தில் கார் வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். சிக்னலில் நின்றால் நாலாபக்கமும் இருந்து வணக்கம் வரும். ஆனால் அந்த வணக்கங்களையெல்லாம் அவர் வாங்கிக்கொள்வது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தபடி. டிரைவிங் ஸ்கூல் கார்களில் அந்த இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள், மாணவர் எங்காவது முட்டப் போனால் வாத்தியார் மிதிப்பதற்காக. வாத்தியாரின் வலது கால் காலையில் அதன்மேல் ஏறினால் சாயங்காலம்தான் இறங்கும். உலகத்திலேயே பத்திரமான வண்டி எது என்று அவரைக் கேட்டால், ஓட்டத் தெரியாத ஒருவர் ஓட்டிக்கொண்டு போக, பக்கத்தில் தான் உட்கார்ந்திருக்கும் வண்டி என்பார். வேடிக்கைக்குச் சொல்வதாக எல்லாரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

ஓட்டாத மனிதர் ஊருக்குள் எப்படிப் போய்வருகிறார் என்றால், பாடத்திட்டத்தின்படி போய்வருகிறார். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கும் பாடம், பல் டாக்டர் இருக்கும் தெருவில். ரிவர்ஸ் எடுக்கும் பாடம் சலவைக்கடைச் சந்தில். மாணவர் சந்துக்குள் முன்னும் பின்னும் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் வாத்தியார் கதவைத் திறந்து கையை மட்டும் நீட்டி, இஸ்திரி போட்ட சட்டைகளை வாங்கிவிடுவார். இரண்டு வண்டிகளுக்கு நடுவே நிறுத்தும் பாடம் முடிவெட்டும் கடைக்கு எதிரே. நெரிசலில் நிதானம் என்கிற பாடம் காய்கறிச் சந்தையில், வாரச் சாமான் வாங்கும் நாளில். முதல் மாணவர் காலையில் வாத்தியார் வீட்டு வாசலிலிருந்து பாடத்தை ஆரம்பிப்பார். கடைசி மாணவர் மாலையில் அதே வாசலில் முடிப்பார். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. மேடு மேடுதான்; பல் டாக்டர் அதன் உச்சியில் இருப்பது வாத்தியாரின் குற்றமா? அவரிடம் படித்தவர்கள் பரீட்சையில் தேறவும் செய்தார்கள். என்ன, ஊர் முழுக்க ஒரே சலவைக்கடைக்கு வழி தெரிந்த ஓட்டுநர்கள் பெருகிப்போனார்கள்.

இது தொடங்கிய விதத்தைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். விபத்து இல்லை, அடிபடவில்லை. ஒரு மாலை, மாணவரை அவர் வீட்டில் இறக்கிவிட்டு, வண்டியை ஷெட்டில் கொண்டுபோய் விடுவதற்காக ஓட்டுநர் இருக்கைக்கு மாறினார். முதல் முக்குவரை எல்லாம் சரி. முக்கில் திரும்பும்போது சும்மா இருக்காமல் பக்கத்து இருக்கையைப் பார்த்துவிட்டார். அங்கே யாரும் இல்லை. ஒரு ஓட்டுநர் செய்யக்கூடிய தவறுகள் எத்தனை உண்டோ அத்தனையையும் ஒரு நொடி முன்பே பார்த்துப் பிரேக்கை மிதித்துப் பழகிய மனிதர். இப்போது ஓட்டுநர் அவரே. அவர் செய்யப்போகிற தவறை ஒரு நொடி முன்பே பார்க்க யார் இருக்கிறார்கள்? வண்டியை ஓரங்கட்டி, கிளட்சில் ஏதோ சத்தம் என்று ஸ்கூலுக்குப் போன் செய்தார். ராக்கெட் என்று எல்லாரும் கூப்பிடும் இளைய வாத்தியார் வந்து, காதை வைத்துக் கேட்டு, "சத்தம் ஒண்ணும் இல்லியேண்ணே" என்று ஓட்டிக்கொண்டு போனான். மறுநாள் இந்தப் பயம் போய்விடும் என்றுதான் நினைத்தார். மறுநாள் பாடத்திட்டம் மாறியது.

மனைவிக்கு மட்டும் தெரியும். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து, ஒட்டாத தபால்தலையை ஒட்டினதாகச் சாதிக்கிறவர்களை ஆயுள் முழுக்கப் பார்த்த அம்மாளிடம் எதை மறைப்பது? ஒருமுறை கேட்டாள், அவர் சொன்னார், அத்தோடு சரி. மகளிடம் சொல்லவில்லை. மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான். "எங்கப்பா கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவார்" என்று அவள் போகிற இடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். அதில் கண்ணை மூடிக்கொள்வது வரை உண்மை.

இப்படி யாருக்கும் கெடுதல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஏற்பாட்டைக் கெடுத்தது சுயமுன்னேற்றம்.

ஸ்கூல் முதலாளியம்மா ஏதோ ஒரு பெரிய ஓட்டலில் நடந்த பயிலரங்குக்குப் போய், கண்கள் பளபளக்கத் திரும்பிவந்தார். வந்த கையோடு முன்னறையில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் 'இலக்கு', மறுபக்கம் 'எண்ணம்' என்று எழுதினார்.

"இலக்குன்னா நீங்க போய்ச் சேர வேண்டிய இடம். எண்ணம்னா போற வழியில நீங்க எப்படி இருக்கப் போறீங்கங்கறது. இலக்கை வருஷக் கடைசியில கேப்பேன். எண்ணத்தைத் தினம் காலையில கேப்பேன். எங்க, ராக்கெட், நீ ஆரம்பி."

"இலக்கு, தொப்பைய குறைக்கிறது மேடம். எண்ணம், எண்ணெய்ல பொரிச்சத தொடக் கூடாது." பிறகு கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "எண்ணம் நாளையிலேர்ந்து ஆரம்பிச்சா பரவாயில்லையா?" என்றான்.

வாத்தியாரின் முறை வந்தது. பலகையில் ஏறுகிற எதுவும் பின்னால் கேள்வியாகத் திரும்பி வரும் என்பது அவருக்குத் தெரியும். எனவே எந்தக் காலத்திலும் நிறைவேறாது என்று உத்தரவாதமுள்ள ஓர் இலக்காகப் பார்த்துத் தேடினார். அவர் சம்பளத்துக்கு அப்படிப்பட்டவை நிறையவே இருந்தன.

"சொந்தமா ஒரு கார்" என்றார்.

அறையே உருகிவிட்டது. இத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்த மனிதரிடம் ஒரு கார் இல்லையே என்று ராக்கெட்டே பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டான்.

"எண்ணம்?" என்றார் முதலாளியம்மா.

"பொறுமைம்மா."

"அதான் உங்ககிட்ட மூட்டை மூட்டையா இருக்கே வாத்தியாரே. இருக்கறதையே சொன்னா என்ன வளர்ச்சி? இல்லாததைச் சொல்லுங்க."

இல்லாதது என்னவென்று வாத்தியாருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார். அவர் பெயருக்கு நேரே இலக்குப் பக்கம் 'சொந்தக் கார்' என்றும் எண்ணத்தின் பக்கம் வெறுமையாகவும் பலகை நின்றது. முதலாளியம்மா அதைப் படமெடுத்து, பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அந்தக் குழுவில் மகளும் இருந்தாள்.

அன்று மாலையே போன்.

"அப்பா, கார் வேணும்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்க, எங்கிட்ட சொல்ல மாட்டீங்களா?"

"அது சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பேச்செல்லாம் வேண்டாம். நாங்க புது வண்டி புக் பண்ணிட்டோம். பழசை விக்கிறதா இருந்தோம். அவரே சொல்லிட்டாரு, மாமாவுக்கே குடுத்துடலாம், இந்த வண்டியோட அருமை தெரிஞ்சவருன்னு. ஞாயித்துக்கிழமை புதுசு வருது. கீழ ஒரு வண்டிக்குத்தான் இடம். நீங்களும் அம்மாவும் பஸ்ல வந்துட்டு, வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. ஹைவேதானே, உங்களுக்கு என்ன, தூங்கிக்கிட்டே ஓட்டுவீங்க."

தேங்கிய குட்டையில் கல் விழுந்த மாதிரி கலங்கிப்போன அவர் முகத்தை மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், "நிறைவேறிடுச்சா?" என்று கேட்டாள்.

"கிண்டல் பண்ணாதே."

"யாரு பண்றா? மனுஷங்க இலக்கு இலக்குன்னு நாக்குத் தள்ள ஓடறாங்க. உங்களைத் தேடிக்கிட்டு அது வீட்டுக்கு வருது."

"மாப்ளயே கொண்டாந்து விடலாம்ல?"

"கேளுங்களேன்."

கேட்டார். முதுகு பிடித்திருக்கிறது என்றார். மாப்பிள்ளை நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் சாக்குச் சொல்வதைப்போலச் சிரமம் வேறில்லை. இருக்கையைச் சாய்த்துக்கொள்ளலாம் மாமா, முதுகுக்கு மெத்தையே வாங்கி வைத்திருக்கிறேன் என்றார். மழை வரும்போலிருக்கிறது என்றார் வாத்தியார். துடைப்பான் புதிதாகப் போட்டாகிவிட்டது என்றார் மாப்பிள்ளை. ஒவ்வொரு சாக்குக்கும் அந்த வண்டியில் ஏதாவது ஒரு வசதி இருந்தது.

ஸ்கூலில் இன்னும் மோசம். முதலாளியம்மாவுக்கு மகளே செய்தி அனுப்பிவிட்டாள்.

"எழுதின மை காயல, நடந்துடுச்சு!" என்று முதலாளியம்மா பலகையைத் தட்டினார். "இதுக்குத்தான் எழுதுங்கன்னேன். திங்கக்கிழமை காலையில நீங்களே ஓட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிறுத்தறீங்க. எல்லாரும் போட்டோ எடுக்கறோம். அடுத்த பயிலரங்குல உங்களைத்தான் உதாரணமா சொல்லப் போறேன்."

"அண்ணே, முதல் ரவுண்டு எனக்கு" என்றான் ராக்கெட். "நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உட்காந்துக்கறேன். ஒருநாளாவது நீங்க ஓட்டிப் பாக்கணுமே."

வாத்தியார் சிரித்தார். முன்னறைக்குக் கதவு ஒன்றுதான். அதையும் அடைத்துக்கொண்டு ஒரு புது மாணவர் விண்ணப்பத்தோடு நின்றிருந்தார்.

வீட்டில் மனைவி நேராகவே சொன்னாள். "பொண்ணுகிட்ட சொல்லிடுங்க."

"என்னன்னு சொல்றது? கார் வாத்தியாருக்குக் கார் ஓட்டப் பயம்னா?"

"ஆமா. சிரிப்பாங்க. சிரிச்சுட்டுச் சாப்பிடப் போவாங்க."

"சோறு போடற தொழில்டீ. வெளிய தெரிஞ்சா யாரு வந்து கத்துப்பாங்க?"

"அப்ப டிரைவர் போட்டுக் கொண்டு வாங்க."

"நான் டிரைவர் போடறதா?"

"அதுவும் முடியாது, இதுவும் முடியாது. அப்ப வண்டியத் தபால்லதான் அனுப்பணும். எடை ஜாஸ்தி, எங்க ஆபீஸ்ல எடுக்க மாட்டோம்."

இரண்டு நாள் யோசித்து வாத்தியார் தனக்குத் தெரிந்த ஒரே வழிக்கு வந்து சேர்ந்தார். பாடத்திட்டம்.

அவரிடம் அப்போது மருந்துக்கடைக்காரம்மா ஒருவர் வந்துகொண்டிருந்தார். லைசென்ஸ் வாங்கியாகிவிட்டது, தனியாக ஓட்டத் தைரியம் வரவில்லை என்று கூடுதல் வகுப்புக்குப் பணம் கட்டியிருந்தார். நன்றாகவே ஓட்டுவார். வாய் அதைவிட நன்றாக ஓடும்.

"ஞாயித்துக்கிழமை ஹைவே பாடம் வச்சுக்கலாம்மா. பஸ்ல போயி, அங்கேர்ந்து ஒரு வண்டிய எடுத்துக்கிட்டு வரணும்."

அந்த அம்மாள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். "ஹைவே கடைசில உங்க சொந்தக்காரங்க யாரு இருக்காங்க சார்?"

"எம் பொண்ணு."

"நெனச்சேன். இத்தனை வாரமா ஓட்டறேன். உங்க பல் டாக்டர், உங்க சலவைக்கடை, உங்க மச்சினர் வீடு. ரோடு தெரிஞ்சுதோ இல்லியோ, உங்க குடும்பம் எனக்கு நல்லாத் தெரியும். பொண்ணு ஒண்ணுதான் பாக்கி. வரேன்."

ஞாயிற்றுக்கிழமைக் காலை பஸ்ஸில் மனைவி ஜன்னலோரம், வாத்தியார் நடுவில், மருந்துக்கடைக்காரம்மா முன்வரிசையில். ஒவ்வொரு வளைவிலும் வாத்தியாரின் வலது கால் பஸ்ஸின் தரையை மிதித்தது. பஸ் அதைப் பொருட்படுத்தவில்லை.

"ஒரு எண்ணம் வச்சிருக்கேன்" என்றார் மனைவியிடம், தாழ்ந்த குரலில்.

"பலகைல எழுதவா?"

"இல்ல. இன்னிக்கு ஒருநாளைக்கு மட்டும். யாராவது எங்கிட்ட நேரா கேட்டா, நேரா பதில் சொல்லிடறது."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். கிண்டல் செய்யவில்லை. "கேக்கலேன்னா?" என்றாள்.

அதை அவர் யோசித்திருக்கவில்லை. இத்தனை வருடம் அவரைக் காப்பாற்றி வந்ததே யாரும் கேட்காததுதான். மீனிடம் நீந்துவாயா என்று யார் கேட்பார்கள்? அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை வந்ததில்லை. இப்போது உண்மை சொல்லத் துணிந்து புறப்பட்டவருக்கு அதே சங்கடம் வேறு பக்கமாக வந்து நின்றது.

அங்கே போய்ச் சேர்ந்த நேரத்திலிருந்து எல்லாரும் அவரைக் கேட்டார்கள். டயரில் காற்று எவ்வளவு இருக்கலாம், புது வண்டிக்கு எந்த ஆயில் நல்லது, பக்கத்து வீட்டுக்காரர் பையன் ரிவர்ஸில் எப்போதும் இடிக்கிறானே ஏன் என்றெல்லாம் கேட்டார்கள். அவர் எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொன்னார். மாப்பிள்ளை வண்டியைக் காட்டினார். "ஹாரன் கொஞ்சம் அழுத்தணும் மாமா. மத்தபடி உங்களுக்கு நான் என்ன சொல்றது" என்று பாதியில் நிறுத்திக்கொண்டார், மரியாதைக்காக. நீங்கள்தானே ஓட்டுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். மரியாதை அதைக் கேட்கவிடவில்லை. சாப்பாட்டுத் தட்டிலேயே சொல்லிவிடலாம் என்று வாத்தியார் இரண்டு முறை வாயைத் திறந்தார். முதல் முறை மகள் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். இரண்டாம் முறை குழம்பு ஊற்றினாள்.

கடைசியில் கீழிருந்து விசில் சத்தம் கேட்டது. புது வண்டி வந்துவிட்டது. அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் வண்டிகள் நிற்கும் இடம்; அங்கிருந்து ஒரு சரிவு ஏறித்தான் வெளி வாசலுக்கு வரவேண்டும். வாசலில் புது வண்டியும், கம்பெனி ஆளும், வழி அடைத்ததற்காக அலறும் இன்னொரு வண்டியும். பழைய வண்டி வெளியே வந்தால்தான் எதுவும் நகரும். காவலாளி விசிலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

மாப்பிள்ளை சாவியை நீட்டினார். மகள் போனை உயர்த்தி வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். வாத்தியார் சாவியை ஒரு கையால் வாங்கி மறு கையால் மருந்துக்கடைக்காரம்மாவிடம் கொடுத்தார். "ஹைவே பாடம்" என்றார், பொதுவாக.

"லீவு நாள்லகூட வகுப்பா!" என்று மகள் வீடியோவுக்குச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு அதிலும் பெருமைதான்.

மனைவி பின்னால் ஏறினாள். வாத்தியார் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் போட்டார். அந்தச் சத்தம் கேட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது. மருந்துக்கடைக்காரம்மா வண்டியைக் கிளப்பினார். வழக்கப்படி வாத்தியாரின் வலது கால் முன்னால் நீண்டது. அங்கே தரையில் விரித்த ரப்பர் மிதியடிதான் இருந்தது. இடப்புறம் நகர்ந்து தேடியது, அங்கேயும் மிதியடி. வலப்புறம் பிளாஸ்டிக்.

சாதாரணக் கார்களில் பக்கத்து இருக்கைக்குப் பிரேக் கிடையாது என்பது வாத்தியாருக்குத் தெரியாதா? முதல் நாள் பாடத்தில் அவரே சொல்வதுதான். தலைக்குத் தெரிந்திருந்தது. காலிடம் யாரும் சொல்லவில்லை.

வண்டி சரிவில் ஏறத் தொடங்கியது.

"நிறுத்துங்க!"

மருந்துக்கடைக்காரம்மா மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது. பின்னாலிருந்து மனைவி, "மெதுவா!" என்றாள்.

"என்ன சார்?"

"இதுல பிரேக் இல்லம்மா."

"இருக்கு சார். அதாலதான் இப்ப நின்னுச்சு."

"எம் பக்கம் இல்ல."

மருந்துக்கடைக்காரம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவரைத் திரும்பிப் பார்த்தார். தலைவலி மாத்திரை ஒன்று கொடுங்கள் என்று வந்து, பக்கத்தில் நிற்கிற ஆள் போகும்வரை சும்மா நின்று, பிறகு உண்மையான வியாதியைச் சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவர் அவர். அப்படிப்பட்டவர்களிடம் கேட்கிற குரலிலேயே கேட்டார்.

"சார், நீங்க கடைசியா எப்ப வண்டி ஓட்டினீங்க?"

மகள் போனோடு ஜன்னலருகே வந்து நின்றிருந்தாள். கண்ணாடி இறங்கியிருந்தது. வாத்தியார் முன்னால் தெரிந்த சரிவைப் பார்த்தார்.

"எம் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி" என்றார்.

"என்னப்பா சொல்றீங்க?" என்றாள் மகள்.

"மாமா விளையாடறார்" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

"விளையாடல மாப்ள. பயம்."

சிரிப்பு மாப்பிள்ளையின் முகத்தில் இறங்க இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. மகள் போனை இறக்கினாள். அணைக்க மறந்ததால் அது அவள் செருப்பைப் படமெடுத்துக்கொண்டிருந்தது.

"எனக்கு நீங்கதானே கத்துக்குடுத்தீங்க?"

"குடுத்தேன். இது உனக்கப்புறம் வந்தது."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாம என்ன?" என்றாள் மனைவி பின்னாலிருந்து.

"ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு... நான் என்னமோ பெருசா செய்யறேன்னு நெனச்சுக்கிட்டு ஊரெல்லாம் சொல்லி..." மகளுக்குக் கோபமா அழுகையா என்று அவளுக்கே முடிவாகவில்லை. "போன்லயே சொல்லக் கூடாதாப்பா? உங்களைக் கொண்டாந்து மாட்டிவிட்டுட்டேனே."

"நீ மாட்டிவிடலம்மா. பலகைல எழுதச் சொன்னாங்க. நடக்காதுன்னு நெனச்சு எழுதினேன்."

மேலே ஹாரன்கள் இரண்டு மடங்காயின. "எடுங்க சார், எடுங்க!" என்று காவலாளி சரிவின் உச்சியிலிருந்து கையை ஆட்டினார். மாப்பிள்ளை குனிந்து, மிகவும் பரிவாக, "மாமா, நீங்க இறங்கிடுங்க. அவங்களும் நீங்களும் பஸ்ல போங்க. நான் ராத்திரி ஷிப்ட் முடிச்சு நாளைக்கு எப்பவாவது கொண்டாந்து விட்டுடறேன்" என்றார்.

வாத்தியார் எதிர்பார்த்துக் கிடந்த வார்த்தை அதுதான். கடைசியில் வந்தேவிட்டது. ஆனால் வந்த பிறகு அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. நாளைக்கு இந்த வண்டி அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். நாளை மறுநாளும் நிற்கும். காலையில் கதவைத் திறந்தால் முதலில் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அதன்மேல் தூசி படிவதைத் தெரு பார்க்கும், முதலாளியம்மா பார்ப்பார், ராக்கெட் வந்து விரலால் அதில் பெயர் எழுதிவிட்டுப் போவான்.

மறுபடி குனிந்து தன் காலடியைப் பார்த்தார். பிறகு மருந்துக்கடைக்காரம்மாவின் காலடியைப் பார்த்தார்.

"இறங்குங்கம்மா. மாறி உட்காருவோம்."

"தைரியம் வந்துடுச்சா சார்?"

"இல்ல. பிரேக் அந்தப் பக்கம் இருக்கு."

இருவரும் இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார்கள். மகள் ஏதோ சொல்ல வந்தாள். மனைவி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வாத்தியார் இருக்கையை முன்னால் இழுத்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், மறுபடி பின்னால் தள்ளினார். வலது காலின் கீழே பிரேக் இருந்தது. ஆறுதலாக அதன்மேலேயே காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை எடுத்தால்தான் வண்டி போகும் என்பதுதான் ஓட்டுநர் இருக்கையின் கோளாறு.

சரிவில் முதல் முறை எஞ்சின் நின்றது. இரண்டாம் முறையும் நின்றது. மேலே யாரோ, "ஓட்டத் தெரியாதவங்கள்லாம்..." என்று ஆரம்பித்தார்கள்.

"கிளட்ச்சை மெதுவா விடுங்க சார்" என்றார் மருந்துக்கடைக்காரம்மா. "அவசரமே இல்ல. ஹாரன் அடிக்கிறவன் உங்க வீட்டு வாடகைய கட்டறவன் இல்ல." அது வாத்தியார் எல்லா மாணவர்களிடமும் சொல்கிற வாசகம். மாணவர்களுக்கு அது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று அவருக்கு முதல்முறையாகப் புரிந்தது.

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்கம்மா" என்றார்.

"அப்படியே உங்ககிட்ட நானும் சொல்லணும்னு நெனச்சிருக்கேன் சார்."

மூன்றாம் முறை வண்டி ஏறியது. காவலாளி ஓரமாக நகர்ந்தார், வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. புது வண்டியின் பளபளப்பான பக்கத்தை உரசாமல் வெளியே வந்து, பெரிய சாலையில் சேர்ந்தார். லாரிகள் கடந்து போயின. சைக்கிளும் கடந்தது. வாத்தியாருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எதிரில் வருகிற ஒவ்வொரு வண்டியின் தவறையும் ஒரு நொடி முன்பே பார்த்தார். தன்னுடையதை மட்டும் பார்க்க முடியவில்லை. நடுவில் ஒருமுறை பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். மருந்துக்கடைக்காரம்மாவின் வலது கால் மிதியடியை ஓங்கி அழுத்திக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை முதலாளியம்மா பலகையில் 'சொந்தக் கார்' என்பதற்கு எதிரே 'நிறைவேறியது' என்று எழுதினார். போட்டோவுக்கு வண்டி வரவில்லை. வீட்டு வாசலில் நிற்பதாக வாத்தியார் சொன்னார். நெடுஞ்சாலை முழுக்க ஒரே மூச்சில் ஓட்டிக்கொண்டு வந்தாராமே என்று ராக்கெட் கேட்டான். நேராகக் கேட்டதால் வாத்தியார் நேராகப் பதில் சொன்னார். யாரும் நம்பவில்லை, அவருக்கே உரிய தன்னடக்கம் என்று முதலாளியம்மா எல்லாரிடமும் சொல்லிவருகிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் மகள் வீட்டுச் சரிவிலிருந்து முதல் பெட்ரோல் பங்க் வரை இரண்டாவது கியரில் கார் ஓட்டினார். அங்கே இறங்கி, சாவியை மருந்துக்கடைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, பின் இருக்கையில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தார்.